வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள்: பயம், வறட்சி, நகவெட்டி

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தால் முக்கால்வாசி ஒரே கேள்விதான், சட்டை மட்டும் வேறு வேறு. "விசுவாசம் இருக்கிறது சிஸ்டர், ஆனால் அடுத்தவருக்கு ஒரு உதவி செய்யப் போனால் பயம் வருகிறது, இல்லாவிட்டால் எரிச்சல் வருகிறது, இரண்டும் இல்லாவிட்டால் களைப்பு வருகிறது." நான் இறையியல் படித்தவள் இல்லை. 36 வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள், அதில் பாதி ராத்திரி டூட்டி. பதிலிலும் வார்டு வாடை அடிக்கத்தான் செய்யும். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து 11 வருடம் ஆகிறது. வேதம் வாசிக்கிறேன், தனியாக ஜெபிக்கிறேன். எங்கள் சபையில் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். யாராவது "நீங்கள் ஜெபம் பண்ணுங்கள்" என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு முறை தலைவலி என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். தைரியம் வர என்ன செய்வது?

முதலில் அந்தத் தலைவலியை விட்டுவிடுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது. கூட வருகிறேன், ஜெபம் மட்டும் வேறு யாராவது பண்ணுங்கள்" என்று குழுவில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இன்னும் இரண்டு பேராவது "எனக்கும் அப்படித்தான்" என்பார்கள்.

"தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." இந்த வசனத்தை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்டு இன்னும் குற்ற உணர்வு கூடியிருக்கும். பவுல் இதை யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். தீமோத்தேயுவுக்கு, அவரோடு ஊழியம் செய்த இளைஞனுக்கு. அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு வரும். கொரிந்து சபைக்கு எழுதும்போது, தீமோத்தேயு அங்கே வந்தால் பயமில்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று பவுல் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். தைரியசாலிக்கு யாரும் இப்படிச் சிபாரிசுக் கடிதம் எழுத மாட்டார்கள். அதே கொரிந்தியருக்குத் தன்னைப் பற்றியும் எழுதுகிறார், பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்று. பயப்படாதவனுக்கு அந்த வசனமே தேவையில்லை.

எனக்குப் பிடித்த ஆள் தமஸ்குவில் இருந்த அனனியா. சவுலிடம் போ என்று ஆண்டவர் சொல்கிறார். சவுல் என்றால், பின்னாளில் பவுலான அதே ஆள், இயேசுவை நம்புகிறவர்களைக் கைது பண்ண அதிகாரத்தோடு வந்தவன். அனனியா உடனே "சரி ஆண்டவரே" என்று கிளம்பவில்லை. அந்த மனுஷனைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேனே என்று ஆண்டவருக்கே தகவல் சொல்கிறார், அவருக்குத் தெரியாததுபோல. பிறகு நேர்த்தெருவுக்குப் போய், அந்த வீட்டுக்குள் நுழைந்து, கையை அவன்மேல் வைத்து, "சகோதரனாகிய சவுலே" என்கிறார். அனனியாவின் பயம் போனது என்று வேதத்தில் இல்லை. அனனியா போனார் என்றுதான் இருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், ராத்திரி இரண்டரை மணி. கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், ஒரு ஜெபம் பண்ணுங்களேன்" என்றார். எனக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. சரி, கர்த்தருடைய ஜெபத்தையே சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிவந்த ஜெபம்! அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "இன்று எங்களுக்குத் தாரும்" என்று எடுத்துக் கொடுத்து, ஆமென் வரைக்கும் அவரே சொல்லி முடித்தார். நான் பின்னாலேயே முணுமுணுத்தேன். காலையில் டூட்டி மாறிப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ஜெபம் பண்ணினது பெரிய ஆறுதலாக இருந்தது" என்றார். ஜெபம் பண்ணினது யார்?

சந்திக்கப் போகும்போது செய்ய வேண்டிய சில்லறைக் காரியங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டாலே பயம் பாதி குறையும். தலைமாட்டில் நின்றுகொண்டு பேசாதீர்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். கட்டிலில் உட்கார வேண்டாம், தையல் போட்ட உடம்புக்கு அந்த ஆட்டம்கூட வலிக்கும். பத்து நிமிடம் போதும். இதே வியாதி வந்த உங்கள் உறவினர் கதை எதுவும் வேண்டாம், முக்கியமாக அவர் பிழைக்கவில்லை என்றால். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். அவர் பெயர், அவருடைய வலி, இன்று ராத்திரித் தூக்கம் என்று மூன்று வாக்கியம் போதும். தூக்கத்துக்காக ஜெபித்தால் நோயாளிகள் சொல்லும் ஆமென் தனிச் சத்தமாக இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் உதவிப் பொருள் கொடுக்கும்போதெல்லாம் வாங்குகிறவரை நிறுத்திவைத்துப் புகைப்படம் எடுக்கிறார்கள். "மற்றவர்களுக்கு ஊக்கம் வரும்" என்கிறார்கள். சரியா?

வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று சொன்னவருடைய பெயரால் கொடுக்கிறீர்கள், அப்புறம் இரண்டு கையும் தெரிகிற மாதிரி படம் எதற்கு? கணக்குக்குச் சான்று வேண்டுமென்றால் பொருளைப் படமெடுங்கள், ரசீதைக் கோப்பில் வையுங்கள். வாங்குகிற மனிதரின் முகம் உங்களுடைய ரசீது இல்லை. அந்தப் படத்தை அவருடைய பிள்ளையின் வகுப்புத் தோழன் பார்ப்பான் என்பதை மட்டும் குழுவில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மாமியார் 14 மாதமாகப் படுத்த படுக்கை. கல்யாணமான நாளிலிருந்து என்னைக் குத்திக் குத்திப் பேசியவர். இப்போது நான்தான் கழுவித் துடைக்கிறேன். வெளியே முகம் சுளிப்பதில்லை, உள்ளே வெறுப்பு அப்படியே இருக்கிறது. "அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை" என்ற வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. நான் செய்வதெல்லாம் வீண்தானா?

தங்கச்சி, அந்த வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள், அடுத்த வரிக்குப் போங்கள். அன்பு என்றால் என்ன என்று அங்கே பவுல் ஒரு பட்டியல் போடுகிறார். நீடிய சாந்தம், தயவு, பொறாமை இல்லை, தன்னைப் புகழாது, அயோக்கியமானதைச் செய்யாது, இப்படிப் போகிறது. மனசு உருகும், பார்த்தால் பாசம் பொங்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. பெரும்பாலும் செய்வதும் செய்யாமலிருப்பதும்தான். 14 மாதம் ஒரு உடம்பைக் கழுவித் துடைப்பதற்குப் பெயர் நீடிய சாந்தம் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்? அதே பட்டியலில் "தீங்கு நினையாது" என்றும் இருக்கிறது, அதை மறைக்கப் பார்க்கவில்லை. அது உள்ளே நடக்கிற வேலை. அதற்கு நாள் பிடிக்கும்.

எங்கள் வார்டில் ஒருவர் இருந்தார். சர்க்கரை வியாதி, கால் மரத்துப் போனவர். மாத்திரைக் கிண்ணத்தை எங்கள்மேல் எறிவார். வாயைத் திறந்தால் நர்ஸ்களின் பிறப்பைப் பற்றித்தான் பேச்சு. கால் நகங்கள் வளர்ந்து உள்பக்கமாக வளைந்து பக்கத்து விரலைக் கீறத் தொடங்கியிருந்தன. யாரும் கிட்டே போகவில்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் என் முறை.

தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்து என் முழங்கையால் சூடு பார்த்தேன். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் சொல்ல மாட்டார்கள். சிறிது நேரம்தான் வைக்க வேண்டும், ஊறவிட்டால் தோல் பிய்ந்துவரும். எடுத்து, விரலிடுக்குகளில் ஈரம் இல்லாமல் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தை வளைத்து உள்ளே போனால் சதையில் குத்தும், சர்க்கரைக்காரருக்கு அந்தச் சின்னக் காயமே காலைக் கொண்டுபோய்விடும். கட்டி தட்டிய நகத்தை வெட்டாமல் அரத்தால் ராவினேன். அரைமணி நேரம் ஆனது. அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர் இடது கால் இரண்டாவது விரலுக்கு வந்தபோது நிறுத்தினார். "அது சின்ன வயசில் மாடு மிதிச்சது. அதிலிருந்து அப்படித்தான் கோணலா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அவர் திருந்தினார், கண்ணீர் விட்டார் என்றெல்லாம் எழுதினால் பொய். மறுநாள் காலையில் மாத்திரைக் கிண்ணம் வழக்கம்போல் பறந்தது. மாறியது ஒரே ஒரு காரியம்: அவரைப் பற்றி அவருடைய வசவு தவிர இன்னொன்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் கத்தும்போது என் கண் தானாக அந்தக் கோணல் விரலுக்குப் போகும். முழு வெறுப்பு வைக்க முடியாமல் போனது. அந்த அரைமணி நேரத்துக்கு முன்னால் அவருக்காக நான் ஜெபித்ததாகக்கூட நினைவில்லை. கைதான் முதலில் போனது.

கடைசி இராப்போஜனத்தில் இயேசு கால் கழுவினபோது யூதாசின் காலும் அந்த வரிசையில் இருந்தது. யார் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று தெரிந்தே கழுவினார். கழுவின காலோடுதான் யூதாஸ் எழுந்து இருட்டுக்குள் போனான். நீங்கள் கழுவுவதால் மாமியார் மாறிவிட வேண்டும் என்று உங்கள்மேல் யாரும் கணக்கு வைக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்று ஒரு வரி இல்லையே? அவருடைய அம்மாதானே? படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. குதிகால், இடுப்பின் பின் எலும்பு, முழங்கை இவற்றைத் தினமும் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் அந்தப் பக்கம் பாரம் விழக்கூடாது. இது ஒரு ஆளால் ஆகிற வேலையே இல்லை. சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோதே இயேசு தம் தாயை ஒரு சீஷன் கையில் ஒப்படைத்தார். அவரே ஏற்பாடு செய்திருக்கும்போது, ராத்திரி முறையை மகனிடமும் நாத்தனாரிடமும் பிரித்துக் கொடுப்பது அன்புக்குறைவு ஆகாது. நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் உங்களுடைய வெறுப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். சில சமயம் நாம் பாவம் என்று நினைப்பதில் பாதி தூக்கமின்மை.

கேள்வி: ஜெபத்தில் எனக்கு ஒன்றுமே உணர்வதில்லை. இரண்டு வருடமாக இப்படி. ஆனாலும் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நான் மாய்மாலக்காரனா?

மாய்மாலக்காரன் இந்தக் கேள்வியை எழுத மாட்டான் தம்பி, அவனுக்குத்தான் எல்லாம் உணருமே.

அன்னை தெரசா 1997-ல் இறந்து பத்து வருடம் கழித்து அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியாயின. அழித்துவிடுங்கள் என்று அவரே கேட்டிருந்த கடிதங்கள். தெருவில் கிடந்தவர்களைத் தூக்கி எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே, பல பத்தாண்டுகளாக, ஜெபத்தில் இருட்டும் வெறுமையுமாகத்தான் இருந்தது என்று அவற்றில் இருக்கிறது. சிலர் அதைப் படித்து, பார்த்தாயா அவருக்கே விசுவாசம் இல்லை என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. உணர்வு இல்லாமலே ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் எழுந்து ஜெபத்துக்கு உட்கார்ந்து, பிறகு வேலைக்குப் போனவர் என்றுதான் படுகிறது. உணர்வு இருக்கிறவர்களுக்கு அது சுலபம்.

வலிப்பு வந்த மகனைக் கொண்டுவந்த தகப்பன் இயேசுவிடம் சொன்னதை உங்கள் ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இரண்டும் ஒரே மூச்சில். முதலில் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைச் சுகமாக்கினார். இன்னொன்று, இரண்டு வருடமாகச் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எதிலும் ருசி இல்லையென்றால் அது ஜெபக் குறைவு ஆகாது, மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வும் வியாதிதான், அதற்கும் மருந்து உண்டு.

கேள்வி: தொற்று நோயாளிகளுக்கு உதவி செய்யப் போகும் எங்கள் வாலிபர்களில் சிலர், "விசுவாசம் இருந்தால் கையுறை எதற்கு" என்கிறார்கள். கையுறை போடுவது அவிசுவாசமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் மொலோக்காய் தீவுக்குப் போக வேண்டும். ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளிகளை 1866-லிருந்து அந்தத் தீவில் கொண்டுபோய் ஒதுக்கினார்கள். பெல்ஜியத்தில் பிறந்த தமியான் என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1873-ல் அங்கே போனார், வயது 33. குருக்கள் சிலர் முறைவைத்துச் சில மாதம் இருந்துவிட்டு வருவது என்பதுதான் ஏற்பாடு. முதல் முறைக்குப் போனவர் திரும்பவே இல்லை. வீடு கட்டினார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். அவர்களோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார். 1884-ல் அவர் காலில் வெந்நீர் பட்டுக் கொப்புளித்தது, வலி தெரியவில்லை. அப்போதே அவருக்குப் புரிந்திருக்கும். 1889-ல் தமது 49-வது வயதில் தொழுநோயால் இறந்தார்.

தமியானைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அதே தீவுக்கு அவர் இறப்பதற்குச் சில மாதம் முன்பு, 1888-ல், மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரீ போனார். அமெரிக்காவில் மருத்துவமனை நடத்தியவர். கை கழுவும் விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு. தம்மோடு வந்த சகோதரிகளில் ஒருவருக்கும் இந்த நோய் வராது என்றார், வரவும் இல்லை. தமியானுக்குக் கடைசிக் காலத்தில் பணிவிடை செய்தார். 30 வருடம் அதே தீவில் அதே நோயாளிகளோடு இருந்து, 1918-ல் 80 வயதில் முதுமையில் இறந்தார். நான் நர்ஸ் என்பதால் சொல்கிறேன், எனக்குத் தமியானைவிட மரியான்மேல் ஒரு பிடி அதிகம். தமியான் போன வருடம்தான், அதே 1873-ல், நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். அங்கே போகும்போது தமியானுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. உங்கள் வாலிபர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இரண்டு பேருடைய அன்பையும் தராசில் வைக்கிற வேலை நமக்கு வேண்டாம். ஆனால் ஆலயத்தின் உச்சியில் நின்று குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொன்னது யார் என்று அந்த வாலிபர்களிடம் கேளுங்கள். பிசாசுதான். மேலே ஒரு வசனம் எழுதினேனே, அதில் பலம், அன்பு இரண்டுக்கும் பக்கத்தில் "தெளிந்த புத்தி" நிற்கிறது. கையுறையைக் கழற்றிய பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் கிருமியைக் கொண்டுபோகாமல் இருப்பதும் ஊழியம்தான்.

கேள்வி: பாடகர் குழு, வாலிபர் கூட்டம், ஆலயக் கணக்கு, சிறைச்சாலை ஊழியம் எல்லாம் என் தலையில். "ஊருக்கெல்லாம் ஊழியம், வீட்டுக்கு விருந்தாளி" என்கிறாள் மனைவி. விட்டுவிட்டால் கர்த்தருக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே?

மனைவி சொன்னதை எழுதி அனுப்பினீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

நல்ல சமாரியன் கதையை எல்லோரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவன் காயத்தில் அவன் எண்ணெய் வார்த்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் என்ன நடந்தது? சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவன் தன் வழியே போனான். பயணத்தை ரத்து செய்யவில்லை, காயம் ஆறும்வரை கட்டில் பக்கத்தில் உட்காரவில்லை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தான், ஒப்படைத்தான். திரும்பி வரும்போது விசாரிப்பான். நீங்கள் தேட வேண்டியது ஒரு சத்திரக்காரனை. கணக்கு எழுதத் தெரிந்த யாராவது ஒருவர் உங்கள் சபையில் இல்லாமலா போவார்? கேட்டிருக்க மாட்டீர்கள். நான் இல்லாவிட்டால் நடக்காது என்ற நினைப்பில் ஒரு ருசி இருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி டூட்டியில் எத்தனையோ ஜூனியர்களைத் தொடவிடாமல் நானே எல்லாம் செய்து, கடைசியில் மயங்கி விழுந்து அவர்கள் கையாலேயே ஊசி போட்டுக்கொண்டவள் நான்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்த மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். வீட்டுக்காரர்கள் சொல்வதை மோசே கேட்டார். சூரைச்செடியின்கீழ் சாகட்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பிட வைத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். நான்கில் இரண்டை இந்த மாதமே ஒப்படைத்துவிடுங்கள். எந்த இரண்டு என்று மனைவியைக் கேளுங்கள்.

கேள்வி: என் தோழியின் குழந்தை இறந்துவிட்டது. போய் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள். இளம் நர்ஸாக இருந்தபோது அப்படி ஒரு தாயிடம் "எல்லாம் கர்த்தருடைய சித்தம் அம்மா" என்று சொல்லியிருக்கிறேன். அவர் சுவர் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆகும்வரை என்னோடு பேசவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அந்த முதுகு எனக்கு மறக்கவில்லை. பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் வினை. போங்கள், உட்காருங்கள், பாத்திரம் கிடந்தால் கழுவுங்கள். குழந்தையின் பெயரைச் சொல்லப் பயப்படாதீர்கள். மூன்று மாதம் கழித்து எல்லோரும் வருவதை நிறுத்தியிருப்பார்கள், அப்போதும் போங்கள்.

கேள்வி: வயது 81. 40 வருடம் பள்ளி ஆசிரியர், சபையில் மூப்பர். இடுப்பெலும்பு முறிந்த பின் மகன்தான் குளிப்பாட்டுகிறான். வெட்கமாக இருக்கிறது. இனி நான் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஐயா, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுருவும் இயேசுவிடம் சொன்னார். மூப்பர்கள் எல்லோருக்கும் வரும் வியாதிதான் இது. கொடுத்தே பழகின கைக்கு வாங்கத் தெரியாது.

போன வருடம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். 23, 24 வயசுப் பெண் ஒருத்தி வந்து என் உடம்பைத் துடைத்துவிட்டாள். "முதுகை இப்படித் துடைக்கக்கூடாது, துணியை மடித்துப் பிடி" என்று நான் ஆரம்பித்தேன். "அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க, இது என் வார்டு" என்றாள். கோபம் வந்தது. அப்புறம் பார்த்தேன், துணியை நனைக்கும் முன்னால் தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தாள். எத்தனை பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. என் உடம்புக்காக ஒருவர் அப்படிச் சூடு பார்த்தது, எனக்கு நினைவு தெரிந்து, அதுதான் முதல் முறை. அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது.

உங்கள் மகன் குளிப்பாட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு வெட்கப்படாமல், அவனுடைய வேலையில் என்ன பிரச்சினை என்று கேளுங்கள். அந்த அரைமணி நேரம் அவனுக்கு வேறெங்கும் கிடைக்காது. இன்னொரு வேலையும் தருகிறேன். ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் வரிசையாகப் பெயர்களைச் சொல்லி வாழ்த்துகிறார். ரூப்பின் தாய் எனக்கும் தாய் என்று ஒரு இடத்தில் எழுதுகிறார், அவருக்கும் யாரோ செய்திருக்கிறார்கள் பாருங்கள். அப்படி நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். உங்களிடம் படித்த பிள்ளைகளின் பெயர், நினைவுக்கு வந்தவரை, ஒரு நாளைக்குப் பத்து. எழுத முடியாவிட்டால் மகன் எழுதட்டும். அந்தப் பத்துப் பேரையும் அன்றைக்குப் பெயர் சொல்லி ஜெபத்தில் வையுங்கள். அமைதியாக இருந்த பிள்ளைகள் பெயர் லேசில் வராது. சேட்டை பண்ணினவன் பெயர்தான் முதலில் வரும். வரட்டும், அவனிலிருந்தே தொடங்குங்கள்.